ஜன்னல் டீ

கம்பைநல்லூரில் அப்துல் சுபான் கடையில் இரண்டு விதமான டீ உண்டு. தூள் ஒன்றுதான், விலை ஒன்றுதான், பாலும் ஒரே எருமையுடையதுதான். பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறவனுக்கு ஒரு டீ, பஸ் ஜன்னல் வழியாக வாங்குகிறவனுக்கு ஒரு டீ.

பெஞ்சு டீயைச் சுபான் பாய் நாலைந்து தடவை தூக்கி ஆத்துவார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவில் டீ கயிறு மாதிரித் தொங்கும். அதை வேடிக்கை பார்க்கவென்றே வந்து உட்காருகிறவர்கள் உண்டு. ஜன்னல் டீக்கு இந்த வித்தையெல்லாம் கிடையாது. தர்மபுரியிலிருந்து அரூர் போகிற எட்டரை மணி பஸ் கடை எதிரில் நிற்பது மூன்று நிமிஷம். ஆத்திக்கொண்டிருந்தால் பஸ் மொரப்பூர் போய்விடும்.

முன்பெல்லாம் ஜன்னல் டீயையும் இரண்டு தடவையாவது ஆத்தித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுத்த புண்ணியவான் குப்புராஜ். புளி, நிலக்கடலை கமிஷன் வியாபாரம். எங்கே போனாலும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலை விட்டு உள்ளே தள்ளித்தான் உட்காருவார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டையில் புழுதி படியுமாம். அவருக்கு டீ போய்ச் சேர வேண்டுமென்றால் ஜன்னல் ஓரத்து ஆள் வாங்கி உள்ளே கொடுக்க வேண்டும். இது எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மாட்டேன் என்று சொன்னவரும் இல்லை. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர் கிளாஸையும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

ஒருநாள் குப்புராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னா பாய், இது குடிக்கறதுக்கா, புள்ளைய குளிப்பாட்டறதுக்கா?" என்றார். பஸ் சிரித்தது. பெஞ்சும் சிரித்தது. சுபான் பாயை எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். டீயைச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். அன்றோடு ஜன்னல் டீயை ஆத்துவது நின்றது. பஸ் வந்தால் பெஞ்சுக்கும் கண் பஸ் மேல்தான்; அதைக் கவனித்தவர் இல்லை. கொதிக்கிற பாலை அப்படியே டிகாஷன் மேல் விட்டு, கரண்டியால் ஒரு சுற்று, விளிம்பு வரைக்கும். இடது கைத் துண்டால் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஜன்னலில் நீளுகிற கையில் துண்டு இருக்காது. அது யார் கை என்று அவர் பார்ப்பதும் இல்லை. முகம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த ஜன்னலுக்கு ஓட முடியுமா?

தர்மபுரி தனி ஜில்லாவாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆவணி முதல் வெள்ளிக்கிழமை தீர்த்தம்மாள் எட்டரை மணி பஸ்ஸில் வந்தாள். பிறந்தது தீர்த்தமலை அடிவாரம், வாழ்க்கைப்பட்டது காரிமங்கலம் பக்கம். மடியில் ஒன்றேகால் வயசுப் பெண்குழந்தை. பெயர் பெரியம்மாள். இத்தனூண்டு பிள்ளைக்கு அவ்வளவு பெரிய பெயரா என்று கேட்காதீர்கள், அது மாமியாரின் பெயர். குழந்தைக்குத் தீர்த்தமலையில் மொட்டை போடுவதாக வேண்டுதல். புருஷன் கோவிந்தனுக்குக் கடலைக்காட்டில் களையெடுப்பு. "நீ முன்னால போ, நான் ஞாயித்துக்கெழம வந்துடறன்" என்று பஸ் ஏற்றிவிட்டிருந்தான். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. குழந்தைக்குக் காற்று வரும் என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அடுத்த சீட்டு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

"பாய், ஒண்ணு!" என்றார் குப்புராஜ்.

சுபான் பாய் ஓடினார். தீர்த்தம்மாள் இடது கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். கிளாஸ் அவள் விரலுக்குள் போயிற்று. "ஐயோ, சுடுதுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் விசில் ஊதினது. அதற்குப் பிறகுதான் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. எது முன்னால், எது பின்னால் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சரியாகத் தெரிந்தது ஒருவருக்குத்தான். கிளாஸை விட்ட கைக்கும் கொடுத்த கைக்கும் நடுவில் அரை முழம்கூட இல்லை.

குழந்தைக்குக் கழுத்தும் மார்பும் வெந்துபோயிற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கோவிந்தன் ஒரு துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் கோவிந்தன் தன் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேருடன் கம்பைநல்லூருக்கு வந்து இறங்கினான். கூடவே தீர்த்தம்மாள். பணம் காசு கேட்டு வரவில்லை. ஒரு நியாயம் கேட்டு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சென்னப்பன் கடை எதிரிலேயே பெஞ்சைப் போடச் சொன்னார். கடை இருக்கிற இடம் பஞ்சாயத்துப் புறம்போக்கு. அவர் சரி என்றால் கடை, வேண்டாம் என்றால் வெறும் தரை. அந்த இடத்தின் மேல் எதிர்வரிசைக் காபி கிளப்புக்காரருக்கு ரொம்ப நாளாகக் கண் என்பது பால் கறக்கிற எருமைக்கும் தெரியும். பஞ்சாயத்து பார்க்க முதல் ஆளாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

முதலில் டிரைவரைக் கேட்டார்கள்.

"விசில் அடிச்சாங்க, எடுத்தன். எனக்கு முன்னால ரோடு தெரியுமா, பின்னால டீ தெரியுமா?"

அடுத்தது குப்புராஜ். "நான் ஒரு டீ கேட்டன். கேட்டது ஒரு குத்தமா? ஒரு சொட்டு குடிக்கக்கூட இல்லீங்க."

"குடிச்சிருந்தா உன் வாயி வெந்திருக்கும். ஊருக்கு ஒரு மாசம் நிம்மதி" என்று கூட்டத்தில் ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாளைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டார்கள்.

கோவிந்தன் எழுந்து நின்றான். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவன். "எம் பொண்டாட்டி, கையில புடிக்க முடியலன்னு சொல்றா. அவ்ளோ சூட்ட ஒரு மனுசி கையில குடுக்கலாமா? அதத்தான் கேக்க வந்தன். சூடு நெசம்னா பாய் பதில் சொல்லட்டும். இல்லன்னா..."

மிச்சத்தை அவன் சித்தப்பன் சொன்னார். "பெத்த புள்ள மடியில இருக்கறப்ப, கையே வெந்து வுழுந்தாலும் ஒரு தாயி வுடுவாளான்னு எங்கண்ணி கேக்கறாங்க. அவுங்க பேரு வச்ச புள்ளைங்க."

எல்லோரும் சுபான் பாயைப் பார்த்தார்கள். அவர் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. ஜன்னல் டீயை நான் ஆத்துறதில்லீங்க. அதைச் சொன்னால் தீர்த்தம்மாள் தலை நிமிர்ந்து புருஷனோடு வீட்டுக்குப் போவாள், கடை காபி கிளப்புக்காரருக்குப் போகும். அவர், "எப்பவும் குடுக்கற டீதானுங்க" என்றார்.

சென்னப்பன் காரியக்காரர். "பேசி என்னா ஆவப் போவுது? பாய், அன்னிக்குப் போட்ட மாதிரியே ஒரு டீ போட்டுக் கொண்டாங்க. புடிச்சிப் பாத்துடலாம்."

சுபான் பாய் கடைக்குள் போனார். பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. டிகாஷன் மேல் பாலை விட்டார். அப்படியே கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான். கை மேலே போயிற்று. டீ கயிறாக இறங்கிற்று. மறுபடி மேலே, மறுபடி கீழே. பழக்கத்தில் கை தானாகப் போனது என்று பிற்பாடு அவர் தன்னிடமே பலமுறை சொல்லிப் பார்த்தார். கடையின் உள்ளிருட்டில் கூட்டத்துக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. சாக்குத் திரைக்குப் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் ஜுபைதாவுக்கு முன்பக்கம் தெரிந்தது.

சென்னப்பன் கிளாஸை வாங்கினார். பிடித்தார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு இருபது வரை எண்ணிவிட்டு டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் குப்புராஜிடம், குப்புராஜ் காபி கிளப்புக்காரரிடம், அவர் முகத்தில் ஏமாற்றத்தோடு கோவிந்தனின் சித்தப்பனிடம். கடைசியில் கோவிந்தன். அவன் மட்டும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். சுட்டுவிடாதா, இப்போதாவது சுட்டுவிடாதா என்று காத்திருக்கிறவனைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒருதரம் குடுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

விரலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இரண்டு கையாலும் கிளாஸை வாங்கினாள். பார்த்தாள். "இல்லீங்க... அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். கிளாஸைத் தரையில் மெதுவாக வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

சென்னப்பன் தீர்ப்புச் சொன்னார். "கைக்குப் போற வரைக்கும் கடைக்காரர் பொறுப்பு. கைக்குப் போனப்புறம் புடிச்சவங்க பொறுப்பு. பாய் மேல குத்தமில்ல. அந்தப் பொண்ணும் வேணும்னா செஞ்சிச்சு? அது தலையெழுத்து. எல்லாரும் பஸ்ஸுக்கு நேரமாவுது, கௌம்புங்க."

காரிமங்கலம் பஸ்ஸில் கோவிந்தனும் சொந்தக்காரர்களும் ஏறினார்கள். தீர்த்தம்மாள் ஏறவில்லை. ஏறு என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்து, பிறகு எதிர்ப்பக்கம் போய் அரூர் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

அன்று கடை சாத்துகிற நேரத்தில் ஜுபைதா வாயைத் திறந்தாள்.

"அஞ்சு தரம் ஆத்துனீங்க."

"பழக்க தோசம்."

"ஜன்னலுக்கு ஒருநாளும் வராத பழக்கம், பஞ்சாயத்துக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

"கடை போயிருந்தா நீயும் நானும் எங்கடி போவோம்?"

"நான் கடையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. டீ நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்ல வந்தன். ஒரு பொம்பளயோட குடும்பமே அதுல ஆறிப்போச்சு."

அதற்குப் பிறகு ஜுபைதா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் சுபான் பாய்க்குத் தாங்கவில்லை. சண்டை போடுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். "சாப்புடறீங்களா", "பால்காரர் வந்துட்டாரு" என்று இரண்டு வாக்கியத்தில் ஒருநாளை ஓட்டுகிறவளை எப்படிச் சமாளிப்பது?

ஜன்னல் டீயை இப்போது அவர் ஆறு தடவை ஆத்தினார். நாலு பேருக்குக் கொடுக்கிற நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்தார். குப்புராஜ், "என்னா பாய், மறுபடியும் குளிப்பாட்டறதா?" என்றார். இந்தத் தடவை பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. குப்புராஜுக்கே ஏன் கேட்டோம் என்று ஆகியிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அவர் டீ கேட்கவில்லை.

பஸ்ஸிலிருந்து கிளாஸ் திரும்பி வருகிறதோ இல்லையோ, சேதி தவறாமல் வரும். தீர்த்தம்மாள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மாமியார் வீட்டார் கூப்பிட வரவில்லை. அண்ணன் இரண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்தான். "சுட்ட கிளாஸ வுட்டவ, நாளைக்கு இன்னொரு புள்ளையயும் வுட மாட்டாளா?" என்று பதில் வந்தது. கோவிந்தனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். பெண் அமைந்துவிட்டது. தையில் கல்யாணம். இத்தனையும் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டே சொல்வார். சுபான் பாய் கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்பார், துடைத்த கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைப்பார்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் சுபான் பாய் சென்னப்பன் வீட்டுக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சென்னப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"முடிஞ்சி போன பஞ்சாயத்து பாய்."

"இல்லீங்க, அந்தப் பொண்ணு..."

"நான் என் கையால புடிச்சிப் பாத்தனே? இருவது எண்ணுனன். ஊரே பாத்துச்சு. இப்ப வந்து அது வேற டீன்னா, நான் கேணப்பயலா? என் தீர்ப்பக் கேட்டு நாளைக்கு ஒருத்தன் கட்டுப்படுவானா?" வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "மனசு ஒரு மாதிரி இருந்தா தீர்த்தமலைக்குப் போற சனங்களுக்குப் பானகம் ஊத்துங்க. இந்தப் பேச்ச வேற யார்கிட்டயும் எடுக்காதீங்க. காபி கிளப்பு காதுல வுழுந்தா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

காரிமங்கலத்துக்கு நேராகப் போய்க் கோவிந்தனிடமே சொல்லியிருக்கலாம். போக நினைத்தார். மார்கழியில் பனி, பால் சீக்கிரம் வருவதில்லை என்று ஒரு வாரம். எருமைக்குச் சுகமில்லை என்று ஒரு வாரம். தை பிறந்தது. மூன்றாவது வியாழக்கிழமை கண்டக்டர், "நேத்து கோவிந்தன் கல்யாணம் ஆயிப்போச்சு பாய். நம்ம பஸ்ஸுலதான் பொண்ண அழைச்சிக்கினு போனாங்க" என்றார்.

மறுநாள் காலையில் சுபான் பாய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "தீர்த்தமலை வரைக்கும் போயிட்டு வர்றன். கடையப் பாத்துக்க" என்றார்.

ஜுபைதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தான் போவத் தோணுச்சா? சொன்னாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு ஆனப்புறமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மலையடிவாரத்தில் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். நிலக்கடலை பிடுங்க ஆள் விட்டிருந்தார்கள். வீட்டு முன்னால் கல் கூட்டிய அடுப்பில் ஆட்களுக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள் தீர்த்தம்மாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, "பாய்ங்களா, வாங்க" என்றாள். கோபமில்லை. சுபான் பாய் வழியெல்லாம் அந்தக் கோபத்துக்குத்தான் மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தார்.

உட்காரவில்லை. பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"அம்மா, அன்னிக்கு ஜன்னல்ல குடுத்த டீ வேற, பஞ்சாயத்துல குடுத்தது வேற. பஞ்சாயத்து டீய அஞ்சு தரம் ஆத்திட்டன். ஜன்னல் டீய ஆத்தவே இல்ல. நானே துண்டு சுத்தித்தான் புடிப்பன். அத யாராலயும் வெறுங்கையில புடிச்சிருக்க முடியாது. பஸ்ஸு நவுர்றதுக்கு முந்தியே சுடுதுன்னு சொன்னீங்க. என் காதுல வுழுந்துச்சு. தப்பு என்மேலம்மா."

தீர்த்தம்மாள் களியைக் கிண்டுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். "எங்கண்ணன் வந்து சொல்லச் சொல்லிச்சுங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"பின்ன கண்டக்டரு சொல்லியிருப்பாரு. நான் இப்பிடி இருக்கறன்னு."

"யாரும் சொல்லி வரல. நெசமாத்தாம்மா சொல்றன். அல்லா மேல ஆணை."

"ஆணையெல்லாம் எதுக்குங்க?" என்று லேசாகச் சிரித்தாள். "உங்களுக்கு நல்ல மனசு. என் மனசு ஆறட்டும்னு இவ்ளோ தூரம் வந்து பழியத் தூக்கி உங்கமேல போட்டுக்கறீங்க. என் கையாலயே அந்தக் கிளாஸ வாங்கிப் பாத்தனே பாய். புடிக்க முடிஞ்சிச்சே. அவரும் புடிச்சாரே, அத்தினி நேரம்."

"அது வேற டீம்மா!" சுபான் பாய் கத்திவிட்டார். கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

களி வெந்துவிட்டது. பானையை இறக்க வேண்டும். கரித்துணி பக்கத்தில்தான் கிடந்தது. தீர்த்தம்மாள் அதைத் தொடவில்லை. இரண்டு வெறுங்கையாலும் பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். உடனே கீழே வைக்கவும் இல்லை. தூக்கினபடியே நின்று, உதடு மட்டும் அசைய எண்ணினாள். பத்து வந்ததும் வைத்தாள்.

"மொதல்ல முடியலீங்க" என்றாள், உள்ளங்கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டே. "ஐப்பசில கூட மூணு எண்றதுக்குள்ள வுட்டுடுவன். இப்ப பத்து வரைக்கும் வருது. மனசு வச்சா முடியுதுங்க பாய். அன்னிக்கு நான் மனசு வைக்கல. அவ்ளோதான்."

சுபான் பாய் அந்தக் கையைப் பார்த்தார். அதில் ரேகை என்று எதுவும் மிஞ்சவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, குனிந்து பானையைத் தானும் பிடித்தார். இருபது வருஷம் கொதிக்கிற பாலோடு பழகிய கை. பிடித்த வேகத்திலேயே உதறிக்கொண்டு பின்னால் வந்தது.

"ஐயோ, சுட்டுடுச்சுங்களா?" என்று பதறினாள் தீர்த்தம்மாள். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் விரலில் ஊற்றினாள். "நீங்க ஏன் இதத் தொட்டீங்க? உங்களுக்கென்னா தலவிதியா?"

"பாத்தீங்களா, என்னால முடியல" என்றார் அவர். "என்னாலயே முடியலம்மா."

"உங்க மடியில புள்ள இல்லீங்களே" என்றாள் அவள்.

அவரிடம் இருந்த ஒரே உண்மையைச் சொல்லியாயிற்று, அது அவள் காலடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க அவளுக்கு நேரமில்லை. ஆட்கள் கை கழுவிக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

"உங்கமேல ஒரு தப்பும் இல்லீங்க. மனசுல வச்சிக்காதீங்க. வந்தது வந்தீங்க, ஒரு உருண்ட சாப்புட்டுத்தான் போவணும்" என்று அவருக்கும் ஒரு வட்டிலில் களி வைத்தாள்.

தப்பில்லை என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பஞ்சாயத்தன்று அவர் அஞ்சு தடவை ஆத்தினார். இப்போது அது கிடைத்தது. வட்டிலின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தார். களி ஆவி பறந்தது. தீர்த்தம்மாள் உருண்டையை விரலால் நாலாகப் பிளந்து, முறத்தை எடுத்து அவர் வட்டிலுக்கு மேலே விசிறினாள். ஆவி அடங்குகிற வரைக்கும் விசிறினாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சாப்புடலாங்க, சுடாது" என்றாள்.